டாங்கிளோடு வருபவர் கையில் என்ன கொடுத்தனுப்புகிறோம்?

தமிழ்நாட்டில் லினக்ஸ் பயனர் குழுக்களை நடத்தும் நண்பர்களுக்கு,

லினக்ஸ் நிறுவும் முகாம்களுக்கும் கல்லூரிப் பயிலரங்குகளுக்கும் நீங்கள் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுப்பதால்தான் இங்கே பலருடைய மடிக்கணினியில் லினக்ஸ் ஓடுகிறது. அதை மறந்துவிட்டு இந்த மடலை எழுதவில்லை. நம்மிடம் ஊறிப்போன ஒரு பழக்கத்தைப் பற்றிப் பேசத்தான் எழுதுகிறேன். ஒருவர் யுஎஸ்பி டாங்கிளைக் கொண்டுவந்து, "விண்டோஸில் செருகினால் நெட் வருது, லினக்ஸில் வரலை" என்கிறார். உடனே நாம் எப்போதோ யாருக்கோ பலித்த ஐந்தாறு கட்டளைகளைத் தேடிப் பிடித்து, டெர்மினலில் ஒட்டி, என்டரைத் தட்டுகிறோம். வேலை செய்தால் சந்தோஷம். செய்யாவிட்டால் வேறெங்கிருந்தோ இன்னும் ஐந்து கட்டளைகள். பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டைக் காட்டி நம் வீட்டுக் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்குகிற கதைதான் இது. டாங்கிள் விஷயத்தில் கட்டளைகளை எடுத்துக் கொடுப்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் தடை என்று கண்டு சொல்வதை வழக்கமாக்க வேண்டும் என்பதே என் வாதம். இடம் தெரிந்துவிட்டால் கட்டளை தானே வரும். பல நேரம் கட்டளையே தேவைப்படாது.

டாங்கிளுக்குள் நடப்பதைப் பார்த்தால் இது புரியும். ஹுவாவேயும் இசட்டிஇயும் செய்து, பிஎஸ்என்எல், ஏர்டெல், ஐடியா என்று ஆளுக்கொரு பெயரும் நிறமும் பூசி விற்ற 3ஜி டாங்கிள்களில் பெரும்பாலானவை செருகியவுடன் மோடமாக நடந்துகொள்வதில்லை. முதலில் தம்மை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொள்கின்றன. அந்தப் பொய்ச் சிடிக்குள் விண்டோஸுக்கான மென்பொருள் இருக்கும். தனியாக ஒரு சிடி அடித்துப் பெட்டியில் வைக்கும் செலவு மிச்சம். ஆப்ஷன் என்ற பெல்ஜிய நிறுவனம் இந்த ஏற்பாட்டுக்கு ஜீரோசிடி என்றே பெயர் வைத்திருந்தது. விண்டோஸில் அந்த மென்பொருள் ஏறியதும் அது டாங்கிளுக்கு ஒரு செய்தி அனுப்பும். உடனே டாங்கிள் தன்னைத் தானே கழற்றி மாட்டிக்கொண்டதுபோல ஒருமுறை மறைந்து, மோடமாகத் திரும்பி வரும். லினக்ஸில் அந்த மென்பொருள் ஓடாது, செய்தியும் போகாது, டாங்கிள் சிடியாகவே உட்கார்ந்திருக்கும். சிடி என்று சொல்லிக்கொண்டு வந்ததைச் சிடி என்று நம்பியதைத் தவிர கெர்னல் செய்த குற்றம் ஒன்றுமில்லை.

இந்த முதல் தடையைக் கண்ணாலேயே பார்க்கலாம். டாங்கிளைச் செருகி எல்எஸ்யுஎஸ்பி என்று தட்டினால் ஒரு வரியில் இரண்டு எண்கள் வரும். ஹுவாவே என்றால் முதல் எண் 12டி1, இசட்டிஇ என்றால் 19டி2. பல ஹுவாவே டாங்கிள்களில் சிடியாக இருக்கும்வரை இரண்டாவது எண் 1446. மோடமானதும் அது 1001, 1436 என்று மாடலுக்கேற்ப மாறும். இசட்டிஇயில் 2000 என்று நிற்பது 0031 ஆக மாறினால் மாற்றம் நடந்துவிட்டது. இந்த வேலைக்கென்றே யோசுவா டீட்ஸ என்பவர் எழுதியது யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச். அது அனுப்பும் செய்தியும் பெரிய மந்திரமில்லை. பல ஹுவாவே டாங்கிள்களுக்கு அது 31 பைட் நீளம். முதல் நான்கு பைட்டுகளை எழுத்தாகப் படித்தால் யு, எஸ், பி, சி என்று வரும். பென்டிரைவுக்கும் யுஎஸ்பி சிடி டிரைவுக்கும் கணினி நாள்தோறும் அனுப்புகிற அதே உறைதான். உள்ளே வைத்த கட்டளை மட்டும் ஹுவாவேக்கே உரியது. வேறு சில டாங்கிள்களுக்கு அதுகூட வேண்டாம், சிடியை வெளியே தள்ளச் சொல்லும் சாதாரணக் கட்டளை போதும். இன்றைய லினக்ஸ் வெளியீடுகள் பலவற்றில் யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் முன்கூட்டியே இருக்கிறது. அப்படியிருக்க, எண் ஏற்கெனவே மாறிவிட்ட டாங்கிளுக்கு மறுபடியும் மோட்ஸ்விட்ச் கட்டளைகளை ஒட்டிக்கொண்டிருப்பது வீண்வேலை. அந்த ஒரு வரியைப் படிக்காததால் நடக்கும் வீண்வேலை.

அடுத்தது டிரைவர். மோடமாகிவிட்ட டாங்கிளின் எண், கெர்னலிலுள்ள 'ஆப்ஷன்' டிரைவரின் பட்டியலில் இருந்தால் டிடிஒய்யுஎஸ்பி0, 1, 2 என்று சீரியல் போர்ட்டுகள் வரிசையாகத் தோன்றும். ஒரே டாங்கிளுக்கு ஏன் இத்தனை என்று கேட்பார்கள். ஒன்றில் தரவு போகும், இன்னொன்றில் சிக்னல் நிலவரம் கேட்கலாம், மற்றொன்று தயாரிப்பாளர் தன் சோதனைக்கு வைத்துக்கொண்டது. எது எதற்கு என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். பழைய குறிப்பில் 0 என்று எழுதியிருக்கும், இவருடைய டாங்கிளிலோ பதில் சொல்வது 2. கட்டளை தோற்றவுடன் 'டாங்கிள் போச்சு' என்று தீர்ப்பாகிவிடும். பட்டியலில் இல்லாத எண்ணைப் பொதுவான யுஎஸ்பிசீரியல் டிரைவரில் வலுக்கட்டாயமாகக் கோத்துவிடும் வழியும் பழைய குறிப்புகளில் உண்டு. அப்படிக் கோத்தால், இது சோதனைக்கு மட்டுமே ஆன டிரைவர், இந்தக் கருவியை உரிய டிரைவரில் சேர்க்கும்படி எங்களுக்குத் தெரிவியுங்கள் என்ற பொருளில் கெர்னல் தன் பதிவில் ஒரு வேண்டுகோளையே எழுதிவைக்கிறது. யார் படிக்கிறார்கள்? நெட்தான் வந்துவிட்டதே.

நாம் அதிகம் ஏமாறுவது இதற்கு அடுத்த இடத்தில். அங்கே லினக்ஸுக்கு வேலையே இல்லை. சிம்முக்கும் டவருக்கும் இடையிலான விவகாரம் அது. ஹேய்ஸ் நிறுவனம் 1981இல் தன் தொலைபேசி மோடத்துக்கு உருவாக்கிய ஏடி கட்டளைகளின் வாரிசுகளைத்தான் இந்த டாங்கிள்கள் இன்றும் பேசுகின்றன. மினிகாம் போன்ற நிரலில் போர்ட்டைத் திறந்து ஏடி என்று தட்டினால் ஓகே என்று பதில் வரவேண்டும். ஏடி+சிபிஐஎன்? என்று கேட்டால் சிம் தயாரா, பின் எண் கேட்கிறதா என்பது தெரியும். ஏடி+சிஎஸ்க்யூ சிக்னலை 0 முதல் 31 வரை ஓர் எண்ணாகச் சொல்லும். 99 வந்தால் அளக்க முடியவில்லை என்று பொருள். ஏடி+சிஆர்இஜி? என்ற கேள்விக்கு வரும் பதிலில் இரண்டாவது எண்தான் முக்கியம். 1 என்றால் சொந்த நெட்வொர்க்கில் பதிவாகிவிட்டது, 5 என்றால் ரோமிங், 2 என்றால் இன்னும் தேடுகிறது, 3 என்றால் நெட்வொர்க் மறுத்துவிட்டது.

இதை வைத்து ஒரு சூழலைப் பாருங்கள். அலமாரியில் கிடந்த பழைய 3ஜி டாங்கிள், உள்ளே புதிதாக வாங்கிய ஜியோ சிம். 2016இல் தொடங்கியபோதே ஜியோ 4ஜி மட்டும்தான். 2ஜியோ 3ஜியோ அதனிடம் ஒருநாளும் இருந்ததில்லை. அந்த டாங்கிள் அந்த சிம்மை வைத்துக்கொண்டு 1 என்றோ 5 என்றோ சொல்லவே போவதில்லை. எந்தக் கட்டளையை எத்தனை முறை ஒட்டினாலும் இதுதான் நிலைமை, விண்டோஸிலும் இதுதான். ஏர்டெல் சிம் என்றால் கதை கொஞ்சம் வேறு. அந்நிறுவனம் 2019, 2020 வாக்கில் வட்டம் வட்டமாக 3ஜியை மூடிவிட்டு 2ஜியை வைத்துக்கொண்டது. ஆகவே டாங்கிள் பதிவாகும், இணைப்பும் வரும், ஆனால் நத்தை வேகம். ஏடி+சிஓபிஎஸ்? என்று கேட்டால் பதிலின் கடைசி எண் 0 என்று வரும், அது 2ஜி. 3ஜி என்றால் 2. இந்த ஓர் எண்ணைப் பார்த்தவர் "உங்கள் லினக்ஸில் குறையில்லை, 4ஜி டாங்கிள் வாங்குங்கள்" என்று அப்போதே சொல்லிவிடுவார். பார்க்காதவர் மாலைவரை பிபிபி கோப்புகளைத் திருத்திக்கொண்டிருப்பார். வந்தவரும் "லினக்ஸ்னாலே இப்படித்தான்" என்ற முடிவோடு வீட்டுக்குப் போவார். நாம் இழப்பது அந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு பயனரையும்தான்.

பதிவாகிவிட்டால் மிச்சமிருப்பது அழைப்பு. ஏபிஎன் பெயரைக் கொடுத்து, *99# என்ற எண்ணுக்கு டயல் செய்து, பிபிபி இணைப்பை எழுப்ப வேண்டும். ஏபிஎன் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பிஎஸ்என்எல்லுக்குப் பிஎஸ்என்எல்நெட், ஜியோவுக்கு ஜியோநெட் என்று ஒவ்வொருவரும் ஒன்று வைத்திருக்கிறார்கள். க்னோம் திட்டத்தினர் உலகெங்கும் உள்ள சேவையாளர்களின் ஏபிஎன்களைத் தொகுத்துப் பராமரிக்கிறார்கள். நெட்வொர்க்மேனேஜரில் நாட்டையும் நிறுவனத்தையும் தேர்ந்தெடுக்கும்போது வருவது அந்தப் பட்டியல்தான். ஆனாலும் பலர் இன்னும் டபிள்யூவிடயல் என்ற பழைய டயல் நிரலின் கோப்பை நகலெடுத்துக் கொடுக்கிறார்கள். அதில் 'ஸ்டுபிட் மோட்' என்றொரு வரி இருக்கும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எதிர்முனை கேட்பதை ஆராயாமல், இணைந்தவுடன் நேரே பிபிபியைத் தொடங்கு என்பதே அதன் பொருள். டயல்-அப் காலத்து நகைச்சுவை. இந்தக் கட்டத்தில்தான் 'கனெக்ட் ஆகுது, பக்கம் திறக்கலை' என்ற புகார் வரும். பதிவைத் திறந்து பாருங்கள். எதிர்முனையின் முகவரி தெரியாததால் 10.64.64.64 என்று வைத்துக்கொள்கிறேன் என்று பிபிபி எழுதியிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை, அது ஒப்புக்கு வைத்த முகவரி. டிஎன்எஸ் இடத்தில் 10.11.12.13, 10.11.12.14 என்று இருந்தால் மட்டும் தடை அங்கேதான். சில மோடம்கள் உண்மையான டிஎன்எஸ் கைக்கு வருமுன் அவசரத்தில் நீட்டும் போலி எண்கள் அவை. நெட்வொர்க்மேனேஜர் இவற்றை அடையாளம் கண்டு கவனித்துக்கொள்ளும். கையால் எழுதிய டபிள்யூவிடயல் கோப்புக்கு அது தெரியாது.

பலிக்காத கட்டளை வெறுமனே பலிக்காமல் போனால் பரவாயில்லை என்பேன். அது தடயம் விட்டுப்போகிறது. டாங்கிளைச் சிடியாகப் பிடித்துக்கொள்கிறதே என்று யுஎஸ்பி-ஸ்டோரேஜ் டிரைவரையே தடைப்பட்டியலில் போடச் சொல்லும் குறிப்புகள் ஒருகாலத்தில் உலவின. அதைச் செய்த கணினியில் அடுத்த நாள் பென்டிரைவ் திறக்காது, காரணம் டாங்கிள் என்று யாருக்கும் தோன்றாது. மோடம்மேனேஜர் போர்ட்டைப் பறித்துக்கொள்கிறது, அதை நீக்கிவிடு என்பது இன்னொன்று. மோடம்மேனேஜர் பிறந்த புதிதில் அதற்கு ஏதோ நியாயம் இருந்திருக்கலாம். இன்று அதை நீக்கினால் நெட்வொர்க்மேனேஜரின் மொபைல் பிராட்பேண்ட் பகுதியே செத்துவிடும். டாடா ஃபோட்டான், ரிலையன்ஸ் நெட்கனெக்ட் போன்ற சிடிஎம்ஏ டாங்கிள்களுக்கான குறிப்புகளும் இன்னும் கிடைக்கின்றன. அவற்றில் டயல் எண் #777, ஏபிஎன் என்ற பேச்சே கிடையாது. அதையும் ஜிஎஸ்எம் குறிப்பையும் பாதிப் பாதியாகக் கலந்து ஒட்டியவர்கள் உண்டு. சூடோ போட்டு ஒட்டும் ஒவ்வொரு வரியும் கணினியின் அமைப்பை நிரந்தரமாக மாற்றக்கூடியது என்பதைப் புதியவருக்குச் சொல்லித்தர வேண்டிய நாமே அதை மறந்து ஒட்டுகிறோம்.

கண்டறிவதில் இன்னொரு பெரிய லாபம் இருக்கிறது. என் வாதத்தின் கனமெல்லாம் அதில்தான். டாங்கிள் சிடியாகவே நிற்கிறது, அதன் எண் மோட்ஸ்விட்ச் பட்டியலில் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணையும் வேலை செய்த செய்தியையும் திட்டத்துக்கு எழுதினால் அடுத்த வெளியீட்டில் சேர வழியுண்டு. ஆப்ஷன் டிரைவரின் பட்டியல் வளர்ந்ததே இப்படித்தான். அதிலுள்ள எண்களில் பல யாரோ ஒருவர் தன் கையிலிருந்த டாங்கிளைப் பார்த்து எழுதி அனுப்பியவை. ஏபிஎன் பட்டியலும் அப்படியே. கட்டளை ஒட்டி நெட் வரவைத்தால் ஒருவருக்கு வேலை முடிகிறது. எண்ணை எழுதி அனுப்பினால், அதே மாடலை வைத்திருக்கும் முன்பின் தெரியாத ஒருவர் செருகியவுடனே நெட் பெறுகிறார், நம் முகாமுக்கே வரவேண்டியிருக்காது. அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் இருந்த காலத்தில் இந்த வேலையை நாம் ஊர் ஊராகச் செய்திருந்தால், இங்கே விற்ற டாங்கிள்களின் விவரம் எவ்வளவோ முன்பே அந்தத் திட்டங்களுக்குப் போயிருக்கும்.

"வந்தவருக்கு வேண்டியது நெட், பாடமில்லை, நாளைக்கு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. நியாயமான ஆட்சேபம். ஆனால் எண் மாறியதா, போர்ட் வந்ததா, பதிவானதா, முகவரி கிடைத்ததா என்ற நான்கையும் பார்க்க, நான்கு குறிப்புகளை மாற்றி மாற்றி முயல்வதைவிடக் குறைந்த நேரமே ஆகும். அவசரம் என்றால் அன்றைக்கு அவருடைய கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து டெதரிங் போட்டுக் கொடுங்கள். லினக்ஸில் அதற்குப் பெரும்பாலும் எதையும் நிறுவ வேண்டியதில்லை. விண்ணப்பம் போய்ச் சேரட்டும், டாங்கிளைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். நெட் இல்லாத கணினிக்கு நெட் வரவைக்கும் பொதியை நெட்டிலிருந்து இறக்கச் சொல்லும் அபத்தமும் அதே டெதரிங்கால் தீர்ந்துபோகும்.

கறுப்புத் திரையைப் பார்த்தால் புதியவர் மிரளுவார் என்பது இன்னொரு ஆட்சேபம். கட்டளை ஒட்டுவதும் அதே கறுப்புத் திரையில்தான் நடக்கிறது, புரியாமல் நடக்கிறது என்பதுதான் வித்தியாசம். அவரை ஏடி கட்டளை தட்டச் சொல்லவும் நான் கேட்கவில்லை. நாம் தட்டுவோம், என்ன தெரிந்தது என்பதை அவருக்குத் தமிழில் சொல்வோம். மோடம்மேனேஜரோடு வரும் எம்எம்சிஎல்ஐ, மோடம் தேடுகிறதா, பதிவாகிவிட்டதா, சிம்மையே காணோமா என்பதை ஒரே திரையில் காட்டிவிடும். 'சிம்மைக் காணோம்' என்பது யாருக்கும் புரியும்.

குற்றம் தயாரிப்பாளர்கள் மீதுதானே என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. பெட்டிமேல் விண்டோஸ், மேக் என்று மட்டும் அச்சடித்து விற்றார்கள். சில டாங்கிள்களில் லினக்ஸ் என்ற பெயரில் ஓர் அடைவும் இருந்தது. ஏதோ ஒரு பழைய வெளியீட்டோடு நின்றுபோன நிறுவுநிரல் அதில் கிடக்கும். ஆனால் 'வேலை செய்யவில்லை' என்ற புகாரை எந்த நிறுவனமும் பொருட்படுத்தாது. இன்ன எண், இன்ன கட்டத்தில் நிற்கிறது என்று எழுதினால் தட்டிக்கழிப்பது கடினம். கோபப்படுவதற்கும் ஆதாரம் வேண்டும்.

டாங்கிள் காலமே முடிந்துவிட்டதே, எல்லார் கையிலும் ஹாட்ஸ்பாட் இருக்கிறதே என்பவர்களுக்குத்தான் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். 3ஜி டாங்கிளின் மவுசு போய்விட்டது உண்மைதான். பிற்காலத்து ஹுவாவே டாங்கிள்களில் ஹைலிங்க் வகை, தானே ஒரு குட்டி ரவுட்டராகி, கணினிக்கு ஈதர்நெட் அட்டைபோலத் தெரிந்து, 192.168.8.1 என்ற பக்கத்தில் எல்லா அமைப்பையும் வைத்துக்கொள்கிறது. அதற்கு டயல் செய்யவே வேண்டாம். ஆனால் மோடம் மறையவில்லை, மடிக்கணினிக்குள்ளே போய்விட்டது. சிம் பொருத்தும் மடிக்கணினிகளில் இருக்கும் அட்டைகள் க்யூஎம்ஐ, எம்பிஐஎம் என்ற முறைகளில் பேசுகின்றன. கெர்னலில் முதலாவதற்கு 2012இலும் அடுத்ததற்கு 2013இலும் டிரைவர் வந்துவிட்டது. அங்கே சிடி வேடம் இல்லை, வேறொரு பூட்டு இருக்கிறது. சில மாடல்களில் மடிக்கணினித் தயாரிப்பாளரின் மென்பொருள் ஒரு திறவுச் செய்தி அனுப்பும்வரை அட்டையின் ரேடியோ அணைந்தே இருக்கும். மோடம்மேனேஜர் 1.18.4 முதல் அந்தத் திறவைத் தானாகச் செய்வதில்லை, பயனரே விரும்பி அதை இயக்கிவிட வேண்டும். இது தெரியாமல் ஏபிஎன்னை மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். தோட்டத்திலும் மொட்டைமாடியிலும் ராஸ்பெர்ரி பையோடு 4ஜி மோடம் பொருத்துகிறவர்களுக்கும் அதே நான்கு கேள்விகள்தான் உதவும்.

ஒரு விலக்கை ஒப்புக்கொள்கிறேன். ஒரே கல்லூரி ஆய்வகத்தில் ஒரே மாடல் டாங்கிள், ஒரே நிறுவன சிம், ஒரே லினக்ஸ் வெளியீடு என்று முப்பது கணினிகள் இருந்தால், ஒன்றில் கண்டதைக் கட்டளையாக்கி மற்றவற்றில் ஓட்டுவதுதான் அறிவு. நோயும் நோயாளியும் ஒன்றாக இருக்கும் இடம் அது. முகாமுக்கு வருகிறவர்கள் அப்படி வருவதில்லை.

அடுத்த முகாமுக்கு நான் கேட்பது அதிகமில்லை. யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச், அதன் தரவுப்பொதி, மோடம்மேனேஜர், மினிகாம் ஆகியவற்றை நீங்கள் நிறுவித்தரும் வெளியீடுகளுக்கேற்ப ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். டாங்கிளோடு வருகிறவருக்கென ஒரு துண்டுத்தாள் போதும். செருகும்போது என்ன எண், சில விநாடி கழித்து என்ன எண், எத்தனை போர்ட், சிஆர்இஜி என்ன சொன்னது, டிஎன்எஸ் என்ன வந்தது என்று அதில் எழுதி, நெட் வந்தாலும் வராவிட்டாலும் அவர் கையில் கொடுத்தனுப்புங்கள். ஒரு படி உங்களிடம் இருக்கட்டும். பட்டியல்களில் இல்லாத எண் தட்டுப்பட்டால் உங்களில் யாரேனும் ஒருவர் அன்று இரவே உரிய திட்டத்துக்கு எழுதிவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குகிறவர்கள் எல்எஸ்யுஎஸ்பி காட்டிய வரியையும் கெர்னல் பதிவையும் அப்படியே ஒட்டினாலும் போதும், அங்கிருப்பவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியும்.

அன்புடன்,
ஒரு லினக்ஸ் பயனர்